மூன்று விரல் அகல வெளுப்பு

அத்தியாயம் 5

"கையைக் கொஞ்சம் திருப்பும்மா" என்றாள் புவனேஸ்வரி.

செல்வகுமாரி திருப்பினாள். வீரமணி ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மண்ணாடிப்பட்டு டவுன் பஸ்ஸில் பதினாறு வருடம் கண்டக்டராக இருந்துவிட்டு, இப்போது புவனேஸ்வரிக்கு உதவியாளாக இருப்பவன். படிக்கட்டில் தொங்கியவர்கள் விழுந்து முட்டி பெயர்ந்ததையெல்லாம் நின்று பார்த்து, டிக்கெட் பாக்கியும் கேட்டவன். அப்பேர்ப்பட்டவனுக்கே அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. முழங்கையிலிருந்து கீழே தோல் சிவந்து, கொப்புளம் கொப்புளமாக வெந்திருந்தது. புறங்கையும் அப்படியே. கன்னங்கள் இரண்டும் மூக்கும் சேர்ந்து செக்கச் செவேல் என்று தடித்திருந்தன.

அவளுக்கு இருபத்தாறு வயது. நோயின் பெயர் லூபஸ். தன் உடம்பைத் தானே தின்கிற நோய். வெயில் பட்டால் அதற்கு வெறி பிடிக்கும். முதலில் தோலைத் தின்னும், அப்புறம் சிறுநீரகத்துக்கு இறங்கும். இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக இந்த வார்டில் படுத்திருக்கிறாள். நாலாவது தடவை வந்தால் சிறுநீரகம் மிஞ்சாது என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

"தெனம் சட்டை போட்டுக்கினுதான் போனேன் மேடம்" என்றாள் செல்வகுமாரி.

"பொய்யி மேடம். பயந்துக்கினு சொல்றா." கட்டில் தலைமாட்டில் நின்ற முத்துக்குமரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன்தான் புருஷன். அவன்தான் நேற்று வில்லியனூரில், உரக்கடை மாடியில் இருக்கும் புவனேஸ்வரியின் துப்பறியும் ஆபீஸுக்கு ஓடிவந்தவன். "எங்கம்மாதான் சட்டையப் புடுங்கி வெச்சிக்கினு இவள வெயில்ல பூ பறிக்க அனுப்புறாங்க. பெத்தவங்களப் பத்திச் சொல்ல நாக்கு கூசுது. ஆனா கட்டிக்கினு வந்தவ சாவறதப் பாத்துக்கினு நிக்க முடியுமா?"

"அத்த புடுங்கல" என்றாள் அவள் மறுபடியும்.

"பாத்தீங்களா? பயம்."

அவன் பையிலிருந்து சட்டையை எடுத்துக் காட்டினான். கருநீலம். முழுக்கை. வெயில் ஆகாதவர்களுக்கென்றே நெய்த துணி, டாக்டரம்மா சொல்லி, தபாலில் வரவழைத்தது. புவனேஸ்வரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். துணிக்கு அந்தப் பக்கம் சூரியன் இருந்ததாகவே தெரியவில்லை. அவ்வளவு நெருக்கமான நெசவு.

"யாரு தோய்க்கிறது?"

"நான்தான் மேடம். இஸ்திரியும் நான்தான். ஊரே சிரிக்குது. சிரிக்கட்டும்." செல்வகுமாரியின் ஆஸ்பத்திரி அங்கியின் கழுத்துக் கொக்கி அவிழ்ந்திருந்தது. பேசிக்கொண்டே அவன் அதை மாட்டிவிட்டான். அவள் குழந்தை மாதிரி முகவாயைத் தூக்கிக் கொடுத்தாள். பழகிப்போன காரியம் என்று பார்த்தாலே தெரிந்தது. வீரமணிக்கு நெஞ்சு இளகிவிட்டது. தன் கல்யாண வாழ்க்கையில் அவன் எதிராளிக்குக் கொக்கி மாட்டிவிட்டதாக நினைவே இல்லை.

"மூணு மணிக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க மேடம். அரியாங்குப்பத்துல தனியா ரூம் பாத்துட்டேன். அம்மா மூஞ்சியிலயே இனிமே முழிக்க வாணாம். நீங்க அம்மாதான்னு எழுதிக் குடுத்தீங்கன்னா நேரா போலீஸுக்குப் போயிடுவேன்."

வராந்தாவுக்கு வந்ததும் புவனேஸ்வரி தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள்.

"இந்த எடத்தப் பாத்தியா, வீரமணி?"

"நான் ஜன்னலப் பாத்தேன் மேடம்."

"ரெண்டு கையிலயும் மணிக்கட்டுல மூணு வெரல் அகலத்துக்குத் தோல் வெளுப்பா, சுத்தமா இருக்கு. மேல வெந்திருக்கு, கீழ வெந்திருக்கு. நடுவுல மட்டும் ஒண்ணும் ஆவல."

"வளையலா இருக்கும்."

"ரெண்டு ரப்பர் வளையல் போட்டிருக்கா. மூணு வெரல் அகலம் வருமா?"

"ஒட்டியாணத்தக் கையில மாட்டினா வரும் மேடம்."

புவனேஸ்வரி சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் போலீஸில் இருந்து, மேலதிகாரி முகத்தில் ஃபைலை வீசிவிட்டு வெளியே வந்தவள். சிரிப்பை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்தாள் என்பது வீரமணியின் கட்சி.

"சட்டை போடாமப் போயிருந்தா மொழங்கைலேர்ந்து நகம் வரைக்கும் ஒரே மாதிரி வெந்திருக்கணும். நல்ல சட்டை போட்டுக்கினு போயிருந்தா கை பூரா தப்பிச்சிருக்கணும். ரெண்டும் இல்ல. முழுக்கைச் சட்டையில மணிக்கட்டுல இன்னா இருக்கும்?"

"கஃப்."

"அங்க துணி எத்தினி மடிப்பு?"

வீரமணி தன் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் விறைப்புக்கு ஒன்று. அவன் வாயில் வந்த நகைச்சுவை வந்த வழியே திரும்பிப் போனது.

"அவ சட்டை போட்டுக்கினுதான் போனா" என்றாள் புவனேஸ்வரி. "ஆனா இந்தச் சட்டை இல்ல. பாக்க இதே மாதிரி இருக்கிற வேறொண்ணு. ஒத்தை மடிப்புல கதிர் உள்ள பூந்து சுட்டிருக்கு. கஃப்ல மட்டும் பூர முடியல. யாரோ சட்டைய மாத்தியிருக்காங்க. மூணு மணிக்கு அந்தப் பொண்ணு யாரு வண்டியில ஏறி எந்த வூட்டுக்குப் போவணும்னு நாமதான் சொல்லணும். தப்பாச் சொன்னா அவ திரும்பி வரமாட்டா. வண்டிய எடு."

* * *

சோரியாங்குப்பத்தில் காலை ஒன்பதரைக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. சித்திரை மாத வெயில். கனகாம்பரக் கொல்லையில் நாலைந்து பெண்கள் பூ பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் சட்டைக்கு மூன்று பிறவி உண்டு. முதல் பிறவி ஆம்பளை உடம்பில். காலர் நைந்ததும் கொல்லைக்குப் போகிற பெண்சாதியின் புடவைக்கு மேலே. அவள் உடம்பிலும் கிழிந்த பிறகு, காக்கா விரட்டுகிற பொம்மைக்கு. சட்டையைக் குப்பையில் போட்டவன் என்று ஊரில் ஒருத்தனைக் காட்ட முடியாது.

முத்துக்குமரனின் அம்மா வள்ளியம்மாள் வாசலிலேயே வரவேற்றாள்.

"இன்னா, செத்துட்டாளா?"

"இல்லம்மா" என்றாள் புவனேஸ்வரி.

"அப்போ இன்னாத்துக்கு வந்தீங்க? மூணு வருசமா ஆஸ்பத்திரியும் வூடுமா அலையுது அந்தத் தரித்திரம். நான் பாகூர் சந்தையத் தாண்டி பஸ் ஏறினதில்ல. வெயில் ஆவாதாம். எங்க மாமியா என்ன வெயில்ல காயப்போட்டா, எனக்கு இன்னா ஆச்சு?"

வீரமணி புவனேஸ்வரியின் காதருகே குனிந்தான். "மேடம், இந்தம்மாவுக்குத் தனியா விசாரணை வேண்டாம். வாயைத் தெறந்து வுட்டாலே தூக்கு."

வீட்டுக்குள் சுவரில் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. வீரமணி கழுத்தைக் கோணிக்கொண்டு படித்தான். தாள் தலைகீழாக இருந்தது.

"வெயில் ஆகாதவர்கள் அணியும் துணி... நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். கருநிறம் நல்லது. உடம்பை இறுக்கக் கூடாது. இறுகினால் இழை விலகிக் கதிர் நுழையும். ஈரத்துணி அணியக் கூடாது. நனைந்த துணி கதிரைத் தடுக்காது. மேடம், கழுத்து புடிச்சிக்கிச்சு."

"யாரும்மா இத ஒட்னது?"

"நான்தான். காத்துல வுழுந்து கெடந்துச்சி. அவ இல்லாதப்ப ஒட்டி வெச்சேன். ஏன், கோணலா கீதா?"

"இல்ல, நேராத்தான் இருக்கு" என்றாள் புவனேஸ்வரி. வீரமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் காலை மிதித்தாள். "உங்க மருமக சட்டை போட்டுக்கினுதான் கொல்லைக்குப் போவாளா?"

"சட்டையா அது? சல்லடை! அடியில போட்ட ரவிக்க நெறம் தெரியுது. உடம்ப வேற கவ்விக்கினு கெடக்குது. காலங்காத்தால எம்புள்ள அதுக்குத் தண்ணி தெளிச்சி, குளுச்சியா இருக்கும்னு அவனே மாட்டி, அவனே பட்டன் போட்டு... பொட்டப்பய. பெத்தவளுக்கு ஒரு நாளு ஒரு சொம்புத் தண்ணி குடுத்திருப்பானா?" அவள் உள்ளே போய் மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து வீரமணியின் மார்பில் எறிந்தாள். "எங்கூட்டுக்காரு மில்லு வாச்மேன். அவரு காக்கிச் சட்டை. நூறு தடவ தோச்சிச் சுருங்கி, கோணி கணக்கா கீது. இதப் போட்டுக்கினு போடின்னேன். மாட்டேன்னுட்டா. புருசன் ஆசையா போட்டுவுட்றாராம். சாவட்டும்."

வீரமணிக்கு உடம்பு பற்றி எரிந்தது. கிழவிக்குப் பொறாமை. மகன் பெண்டாட்டிக்குப் பட்டன் போடுவது பொறுக்காத பொறாமை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

புவனேஸ்வரி வெளியே வந்து நின்றாள். கனகாம்பரத்தை ஒட்டி, புதிதாக மல்லாட்டைக் கடலை விதைத்த கொல்லை. விதையைக் காக்கை கிளறாமல் இருக்க நடுவில் வைக்கோல் பொம்மை ஒன்று கையை விரித்து நின்றது. தலையில் உடைந்த சட்டி. உடம்பில் கருநீலச் சட்டை.

"பொம்மைக்கு யாரும்மா சட்டை மாட்டினது?"

"எனக்கு இன்னா தெரியும்? அவ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநா பாக்கறேன், மாட்டிக்கினு நிக்குது."

புவனேஸ்வரி வரப்பில் இறங்கி நடந்தாள். வீரமணி பின்னாலேயே ஓடினான்.

"எங்க மேடம்?"

"கிழியாத சட்டைய எவன் பொம்மைக்குப் போடுவான்?"

பொம்மையின் கையை வளைத்து அவள் சட்டையை உருவினாள். காலரும் முழங்கையும் நைந்திருக்கவில்லை. தையல் புதிது. அதைச் சூரியனுக்கு நேராக விரித்துப் பிடித்தபோது எதிரே இருந்த தென்னையின் கீற்றுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

"கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமே இத்தினி வருதுன்னா, தெரியாத புற ஊதாக் கதிர் எத்தினி வந்திருக்கும்?" என்றவள் கஃப்பின் தையலை ஹேர்பின்னால் பிரித்தாள். விறைப்புக்காக உள்ளே வைத்துத் தைத்த துண்டு எட்டிப் பார்த்தது. சிவப்புக் கட்டம் போட்ட துணி.

வீரமணி விசிலடித்தான். "இது பள்ளிக்கூட யூனிஃபார்ம் மேடம். எங்க பஸ்ஸுல தெனம் முப்பது சிவப்புக் கட்டம் ஏறும், ஒண்ணு கூட டிக்கெட் எடுக்காது. வில்லியனூர்ல ஒரே டெய்லர்தான் தைக்கிறாரு. தங்கவேல்."

"துணிய மெலிசாக் குடுத்தவனுக்கு டெய்லர் புத்தி தெரியல" என்றாள் புவனேஸ்வரி. "எவ்வளவு மட்டமான துணியக் குடுத்தாலும் டெய்லர் கஃப்ப விறைப்பாத்தான் தைப்பான். அது அவன் மானப் பிரச்சினை. அந்த மூணு வெரல்தான் மாட்டி வுட்டிருக்கு."

* * *

தங்கவேல் கடையில் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் இல்லை. அவர் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். சட்டையைப் பார்த்ததும் முகம் கோணியது.

"என் தையல்தான். இதக் கொண்டாந்து மானத்த வாங்குறீங்களே. துணி அவங்களே குடுத்தது. கொசுவல கணக்கா."

"யாரு குடுத்தாங்க?"

அவர் நோட்டைப் புரட்டினார். வீரமணி தலையை நீட்டி அவருக்கு முன்பாகவே படித்துவிட்டான். *வள்ளியம்மாள், சோரியாங்குப்பம். முழுக்கைச் சட்டை, கருநீலம்.*

"முடிஞ்சிது மேடம்!" வீரமணி தொடையில் அடித்துக்கொண்டான். "ஒட்டியாணம் இல்ல, வெலங்குதான்." செல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். மூன்று மணிக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனால் அந்த அப்பாவிப் புருஷனை ஏன் தவிக்க விட வேண்டும்?

"முத்துக்குமரன்? வீரமணி பேசறேன். நீங்க சொன்னது சரிதான். உங்கம்மாதான். அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு நேரா அரியாங்குப்பம் போயிடுங்க. அம்மா கண்ணுல காட்டாதீங்க."

"ரொம்ப நன்றிங்க" என்றது அந்தப் பக்கம். குரல் தழுதழுத்தது. "இப்பவே கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கினு போயிடறேன்."

ஒரு புண்ணியம் செய்த திருப்தியோடு வீரமணி உள்ளே வந்தான். புவனேஸ்வரி நோட்டின் அதே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தோடு ஒரு துண்டுத் தாள் குண்டூசியால் குத்தியிருந்தது.

"இது இன்னா?"

"அளவு. அவங்களே எழுதிக் குடுத்தது."

முத்து முத்தான கையெழுத்து. *மாதிரிச் சட்டை போலவே நிறம், காலர், பட்டன். மார்பு மட்டும் இரண்டு அங்குலம் குறைக்கவும்.*

"வள்ளியம்மா கைப்பட எழுதினதா?" என்றாள் புவனேஸ்வரி, நிமிராமல்.

"ஆமா மேடம், நோட்டுலயே..." வீரமணி பாதியில் நின்றான்.

"தலைகீழா ஒட்டுன தாள நேராத்தான் இருக்குன்னு நம்பறவ, வீரமணி. அவளுக்கு 'அ' எந்தப் பக்கம்னு தெரியாது. பாகூர் சந்தையத் தாண்டி பஸ் ஏறாதவ, வில்லியனூர்ல வந்து அளவு எழுதிக் குடுத்தாளா?" அவள் விரலை மடக்கினாள். "நெருக்கமான நெசவுன்னு தாள்ல இருக்கு. இது சல்லடை. இறுக்கக் கூடாதுன்னு இருக்கு. இது ரெண்டு அங்குலம் குறைச்சல். ஈரம் ஆவாதுன்னு இருக்கு. தெனம் தண்ணி தெளிச்சிக் குடுத்திருக்கு. அந்தத் தாள வரி வரியாப் படிச்சி, அப்படியே மாத்தி மாத்திச் செஞ்சிருக்கான் ஒருத்தன். வூட்டுல படிக்கத் தெரிஞ்ச ஒருத்தன். அதத் தெளிச்சி, மாட்டி, பட்டன் போட்டவன்."

கொக்கி மாட்டிய விரல்கள் வீரமணியின் ஞாபகத்துக்கு வந்தன.

"ஒரு ஆம்பளதான் வந்தாரு" என்றார் தங்கவேல். "அம்மா பேருல எழுதிக்கோன்னாரு. நல்ல மரியாத. நான்கூடச் சொன்னேன், தம்பி, இது இறுக்கும், போடறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு. சிரிச்சாரு. 'போடறவ வாயத் தெறக்க மாட்டா'ன்னாரு."



"மேடம்" என்றான் வீரமணி. "நான் அவனுக்கு ஃபோன் பண்ணிட்டேன்."

புவனேஸ்வரி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் வார்டுக்கு ஃபோன் போட்டாள். நர்ஸ் சொன்னது வீரமணிக்கும் கேட்டது. டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார், புருஷன் இப்போதுதான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனார். இப்போது எந்தச் சட்டையை மாட்டிக் கூட்டிப்போகிறான் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. வண்டியை உதைத்துக் கிளப்பும்போது தங்கவேலே அதற்குப் பதில் சொன்னார். அவர் வாசல் வரை ஓடிவந்தார்.

"ஒண்ணுதான் கொண்டாந்திருக்கீங்க. நான் ரெண்டு தச்சேன்!"

* * *

அந்தப் பதினைந்து நிமிடத்தை வீரமணி தன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். பேசிப் பேசியே கண்டக்டர் வேலையைத் தொலைத்தவன் அவன். முதலாளியின் மச்சானைப் பயணிகள் முன்னால் கிண்டல் செய்து சீட்டு கிழிந்தது. அப்போது போனது வேலை மட்டும்தான். இப்போது ஒரு நிமிடப் பேச்சில் ஒரு பெண்ணைத் தூக்கி அவள் கொலைகாரன் கையில் கொடுத்திருக்கிறான். தனி ரூம். மாமியார் கூட இல்லை. சட்டை சல்லடையாக இருக்கிறது என்று கத்துவதற்கு அங்கே ஒரு ஜீவன் கிடையாது. அதற்காகத்தானே கிழவியைக் கழற்றிவிடப் பார்த்தான்!

அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே அவர்கள் அகப்பட்டார்கள். சாலையோரம் இளநீர் வண்டி. வண்டிக்காரனின் குடை நிழலில் முத்துக்குமரன் நின்றுகொண்டிருந்தான். குடைக்கு வெளியே, உச்சி வெயிலில், பைக் அருகில் செல்வகுமாரி நின்றாள். புடவைக்கு மேல் கருநீலச் சட்டை. அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் தோளிலும் கையிலும் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"குளுச்சியா இருக்கா?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது.

வண்டி நிற்பதற்குள் புவனேஸ்வரி குதித்தாள். பைக் சாவியை உருவினாள். செல்வகுமாரியின் தோளைப் பிடித்து எதிரே இருந்த டீக்கடைக் கூரைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். பிறகுதான் திரும்பினாள்.

"மேடம், இன்னா இது?" முத்துக்குமரன் பதறியபடி பின்னால் வந்தான். "அம்மாதான்னு உங்காளே சொன்னாரே."

"எங்காளு அவசரக்குடுக்கை." அவள் செல்வகுமாரியின் சட்டைக் கஃப்பைப் பிடித்து, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். சிவப்புக் கட்டம். பொம்மையின் சட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். சிவப்புக் கட்டம். "ஒண்ணு பொம்மைக்கு, ஒண்ணு பொண்டாட்டிக்கு. தபால்ல வந்த சட்டை உன் பையிலயே இருக்கும். டாக்டர் கேட்டா காட்டறதுக்கு."

அவன் முகத்தில் அழுகை ஒரு நொடியில் வற்றியது. அவ்வளவு சீக்கிரம் வற்றும் கண்ணீரை வீரமணி பார்த்ததே இல்லை.

"எரிச்சிருக்கலாமே?" என்றாள் புவனேஸ்வரி. "ஏன் எரிக்கலன்னு சொல்லட்டா? உங்க ஊர்ல சட்டைய எரிச்சா நாலு பேரு ஏன்னு கேப்பான். பொம்மைக்குப் போட்டா ஒருத்தனும் கேக்கமாட்டான். ஆனா காலர் நையாத சட்டை பொம்மைக்குப் போவாதுடா."

"நான் இவ மேல கைய வெச்சனா மேடம்?" அவன் சத்தம் போடவில்லை. கணக்குப் புரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்வது போல நிதானமாகப் பேசினான். "ஒரு அடி அடிச்சிருக்கனா? ஒரு வார்த்த வைதிருக்கனா? சோத்துல எதுனா கலந்தனா? கேளுங்க, அவளயே கேளுங்க. வெயிலு பட்டுச் சாவறா. அதுக்கு நான் இன்னா பண்றது? எந்தச் சட்டத்துல வெயில் வருது?"

"நோயாளிப் பொண்டாட்டிய வுட்டுட்டுப் போனா ஊரு காறித் துப்பும்" என்றாள் புவனேஸ்வரி. "செத்துட்டா, ஊரே உக்காந்து அழுது, கருமாதி முடிஞ்ச கையோட வேற பொண்ணு பாக்கும். அதான?"

"புள்ள பெக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றான் முத்துக்குமரன். "எனக்கு முப்பத்தோரு வயசு."

பாலத்து முனையில் நின்ற சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிளை அவள் கைதட்டிக் கூப்பிட்டாள். ஒரு காலத்தில் அவளுக்கு சல்யூட் அடித்தவன்தான். பழக்கத்தில் இன்றைக்கும் அடித்துவிட்டு, முத்துக்குமரனின் கையைப் பின்னால் முறுக்கினான். முத்துக்குமரன் கூட்டிப்போகப்படும்போது ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டீக்கடை பெஞ்சில் செல்வகுமாரி நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அதுதான் வீரமணியைக் கொன்றது. அவன் மஞ்சள் பையிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து நீட்டினான்.

"உங்க மாமியா குடுத்தாங்க. சாவட்டும்னு சொல்லிக்கினே குடுத்தாங்க."

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா" என்றான் வீரமணி. வாயை அடக்க இன்றைக்கும் அவனால் முடியவில்லை. "சட்டை மாறினது உனக்குத் தெரியவேயில்லையா?"

"தெரியும் சார்."

புவனேஸ்வரி திரும்பினாள்.

"மொத நாளே தெரியும்" என்றாள் செல்வகுமாரி. "தெனம் போட்டுக்கறவ, துணி மாறினது தெரியாதா? மெலிசா இருந்துச்சு. இறுக்குச்சு. இஸ்திரி போடறப்ப பழசக் கருக்கிட்டாரு போல, எனக்குத் தெரியாம வேற தச்சிக் குடுக்கறாருன்னு நெனச்சேன். கேட்டா கூசிப்பூடுவாருன்னு கேக்கல. கை எரியறப்பலாம்... பாவம், எனக்காக எவ்வளவு அலைஞ்சிருப்பாருன்னுதான் நெனப்பேன்."

போடறவ வாயத் தெறக்க மாட்டா. அவன் சரியாகத்தான் அளவெடுத்திருக்கிறான் என்று வீரமணி நினைத்தான். அவனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் தன்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

புவனேஸ்வரி கடைக்காரரிடம் ஒரு படுதாவை வாங்கி மறைத்துப் பிடிக்க, செல்வகுமாரி ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுக் காக்கியை மாட்டிக்கொண்டாள். முரட்டுத் துணி, கொப்புளத்தில் உரசியிருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசிப் பட்டன் வந்ததும் கைகள் தாமாகவே மடியில் இறங்கிவிட்டன. முகவாயை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு நினைவு வந்தது. கண்ணைத் திறந்தாள். தூக்கிய முகவாயை எப்படி இறக்குவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புவனேஸ்வரி குனிந்து அந்தப் பட்டனைப் போட்டுவிட்டாள்.